ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது முதன்முதலாகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கையில் பாடநூலைப் பார்த்து வரைந்த ஒரு சர்க்யூட் படம், சட்டைப்பையில் எண்பது ரூபாய். மூன்று மணி நேரம் அலைந்து, வேண்டியதில் பாதியை வாங்கி, தாம்பரத்துக்கு ரயில் ஏறி வீடு வந்து பிரித்துப் பார்த்தால் 100 ஓம் என்று நினைத்து வாங்கிய ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) அத்தனையும் ஆயிரம் மடங்கு பெரிய 100 கிலோ ஓம். கடைக்காரர் மேல் தவறில்லை. "நூறு கொடுங்கள்" என்றுதான் கேட்டிருந்தேன்.

அன்று முதல் இன்றுவரை அந்தத் தெருவுக்குப் போய்வருகிறேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அலுவலக நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் வாய் வலிக்காது என்று தோன்றியது.

ரிச்சி தெரு எங்கே இருக்கிறது? எப்போது போவது நல்லது?

அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே. மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். "ரிச்சி தெரு" என்று நாம் சொல்வது ஒரு தெருவை மட்டுமல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, அவற்றை இணைக்கும் சந்துகள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலை பதினொரு மணிக்கு முன்னால் போனால் கடைக்காரர் நின்று பேசுவார். மாலை ஐந்து மணிக்குப் போனால், உங்கள் தலைக்கு மேலே கையை நீட்டி வேறொருவருக்குப் பொருள் கொடுத்துக்கொண்டிருப்பார். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காகப் படையெடுப்பார்கள். அப்போது பொறுமையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

முதல்முறை போகிறவர் ஏமாந்து திரும்புவது ஒரு காரணத்தால். கண்ணில் படும் தரைத்தளக் கடைகள் எல்லாம் செல்போன் உறை, கேமரா, லேப்டாப் சார்ஜர் விற்பவை. ரெசிஸ்டர், ஐசி (ஒரு சர்க்யூட்டையே அடக்கிய சிப்) விற்கும் கடைகளில் பல மாடிப்படி ஏறினால்தான் தெரியும். சில, ஒரு ஆள் நுழையும் அகலச் சந்துக்குள் இருக்கும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள் இருக்கும் கடையைத் தேடுங்கள்.

இணையத்தில் வாங்கினால் போதாதா?

பல சமயம் போதும். இரண்டு ரூபாய் டிரான்சிஸ்டருக்கு அறுபது ரூபாய் கூரியர் கட்டணம் கொடுக்க மனம் வருகிறதா என்பதுதான் கேள்வி. அதைவிட முக்கியம், சர்க்யூட் பாதியில் நிற்கும் சனிக்கிழமை மதியம். அப்போது தேவைப்படுவது நாளை மறுநாள் வரும் பார்சல் அல்ல.

பெட்டி, ஸ்விட்ச், கைப்பிடிக் குமிழ், டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர் போன்றவற்றை நேரில் வாங்குவதே நல்லது. குமிழ், திருகி மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் தண்டில் சரியாக உட்காருகிறதா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. குறிப்பிட்ட நிறுவனம் தயாரித்த ஐசிதான் வேண்டும், அளவீட்டுக் கருவி கட்டுகிறேன், துல்லியம் முக்கியம் என்றால் டிஜிகீ, மௌசர், எலிமென்ட்14 போன்ற விநியோகஸ்தர்களிடம் போய்விடுங்கள். அங்கே பாகம் எந்தத் தொழிற்சாலையில் இருந்து வந்தது என்பதற்குப் பொறுப்பு உண்டு. தெருக்கடையில் அந்தக் கேள்வியைக் கேட்டால் "நல்ல சரக்குதான் சார்" என்பதே பதில்.

கடையில் எப்படிக் கேட்க வேண்டும்? நான் சொல்வது அவர்களுக்குப் புரிவதில்லை.

கல்லூரியில் கற்ற பெயர் வேறு, கடையில் புழங்கும் பெயர் வேறு. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகத்தைக் கெப்பாசிட்டர் என்றாலும் கொடுப்பார்கள், ஆனால் கடையில் அது கண்டென்சர். ரெசிஸ்டர் அங்கே ரெசிஸ்டன்ஸ். கண்டென்சரின் அளவை மைக்ரோஃபாரட் என்று யாரும் சொல்வதில்லை, எம்எஃப்டி என்பார்கள். "நானூற்று எழுபது எம்எஃப்டி, இருபத்தைந்து வோல்ட்" என்றால் கை தானாக இழுப்பறைக்குப் போகும். ஐசியைச் செருகும் சாக்கெட் "ஐசி பேஸ்": எட்டுக் கால் பேஸ், பதினாறு கால் பேஸ் என்று கேட்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் திருகும் சின்னப் பொட்டென்ஷியோமீட்டர் "பிரீசெட்". அர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சின்னப் போர்டில் இருக்கும் பின் வரிசை "பெர்க் ஸ்ட்ரிப்". ஆணா (நீட்டிய பின்) பெண்ணா (ஓட்டை) என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளை பிளாஸ்டிக் தலையுள்ள ஒயர் கனெக்டர் "ரிலிமேட்". ஓட்டைகள் நிறைந்த பழுப்புப் பலகையைச் சிலர் டாட் போர்டு என்பார்கள், சிலர் ஜெனரல் பர்பஸ் போர்டு என்பார்கள்.

கேட்கும்போது மூன்று விவரங்கள் கட்டாயம். ரெசிஸ்டன்ஸுக்கு மதிப்பு, வாட், எண்ணிக்கை. கண்டென்சருக்கு மதிப்பு, வோல்ட், எண்ணிக்கை. வாட் சொல்லாவிட்டால் கால் (1/4) வாட் என்று எடுத்துக்கொள்வார்கள், அது பெரும்பாலும் சரிதான். ஆனால் ஓமா, கிலோவா என்பதைச் சொல்லாமல் விட்டால் என் கதைதான் உங்களுக்கும்.

வாயால் சொல்வதைவிடத் துண்டுச்சீட்டு நல்லது. ஒரு வரிக்கு ஒரு பாகம், எண்ணிக்கை வலது ஓரத்தில். நான் போகும் கடையில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சீட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒருமுறை மேலிருந்து கீழே படிப்பார். பிறகு சீட்டைப் பார்ப்பதே இல்லை. இடது கையால் இழுப்பறை, வலது கையால் எண்ணிக்கை, ஒவ்வொரு பாகமும் ஒரு சின்ன பாலித்தீன் உறை, அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவால் மதிப்பு. முப்பது வரிச் சீட்டை எட்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். இடையில் "தம்பி, 5கே எழுதியிருக்கிறாயே, 4.7 போட்டிருக்கிறேன்" என்பார், அவ்வளவுதான்.

5கே (5 கிலோ ஓம்) ஏன் கிடைப்பதில்லை?

ரெசிஸ்டர்கள் எல்லா மதிப்பிலும் தயாராவதில்லை. வழக்கமாகக் கடையில் கிடைக்கும் வரிசை இது: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. இவற்றை பத்தால், நூறால் பெருக்கிக்கொண்டே போகலாம். கணக்குப் போட்டு 350 ஓம் வந்தால் 330 அல்லது 390 வாங்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்இடி எரிய வைக்கிறீர்கள் என்று வையுங்கள்: எல்இடிக்கு 2 வோல்ட் போக மீதி 7, அதை 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 350. 390 போட்டால் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்காது, பேட்டரியும் கொஞ்சம் கூட நாள் வரும்.

வட்டக் கண்டென்சர் மேல் 104 என்று இருந்தால் 10க்குப் பின் நான்கு பூஜ்யம், பிகோஃபாரட் கணக்கில். அதாவது 0.1 எம்எஃப்டி. இது ஒன்று தெரிந்தால் 103, 473 எல்லாம் தெரிந்த மாதிரி.

ஒன்றே ஒன்று கேட்டால் தருவார்களா?

ஐசி, டிரான்சிஸ்டர், ரிலே எல்லாம் ஒன்றாகத் தருவார்கள். ரெசிஸ்டரை ஒன்று கேட்காதீர்கள். கொடுக்க மாட்டார்கள் என்பதல்ல, அதை எடுத்து உறையில் போடும் நேரத்துக்கு அதன் விலை ஈடாகாது. பத்தாக வாங்குங்கள். மொத்த விற்பனைக் கடைகள் நூறு, ஆயிரம் என்றுதான் பேசும். வாசலிலேயே கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது.

முதல்முறை போகிறேன். என்ன வாங்கி வைத்துக்கொள்ளலாம்?

பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிச் சோதிக்கும் பிரெட்போர்டு ஒன்று. 220 ஓம், 330 ஓம், 1கே, 4.7கே, 10கே, 100கே ரெசிஸ்டர்கள் தலா இருபது. 104 கண்டென்சர் இருபது. 10, 100, 470 எம்எஃப்டி தலா ஐந்து, எல்லாம் 25 வோல்ட். பிசி547, பிசி557 தலா பத்து. 1என்4007 டயோடு பத்து. 555 டைமர் மூன்று, அதற்கு எட்டுக் கால் பேஸ் மூன்று. 5 வோல்ட் தரும் ரெகுலேட்டர் 7805 இரண்டு. எல்இடி நிறத்துக்கு ஐந்து. 10கே பிரீசெட் இரண்டு. பேட்டரி கிளிப், புஷ் பட்டன், ஒரு பஸ்ஸர். இதை வைத்து ஆறு மாதம் விளையாடலாம்.

இதையே "ஸ்டார்ட்டர் கிட்" என்று அழகான பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் நீங்கள் தொடவே போகாத ஜாய்ஸ்டிக்கும், சுடர் உணரியும் இருக்கும்; 1கே ரெசிஸ்டர் மூன்றாம் நாள் தீர்ந்துவிடும்.

பிரெட்போர்டு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீளமான போர்டுகள் சிலவற்றில் மேலும் கீழும் ஓடும் மின்சார வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். சிவப்புக் கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால் அதுதான் அடையாளம். தெரியாமல் வலது பாதிக்கு மின்சாரமே வராமல் ஒரு முழு மாலையைத் தொலைத்தவர்கள் நிறைய.

பிரெட்போர்டில் இணைப்புக்குச் செருகும் ஜம்பர் ஒயரில் நல்லது கெட்டது உண்டா?

உண்டு. வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். மலிவான ஒயர்கள் சிலவற்றில் உள்ளே இரும்புக் கம்பி, மேலே செம்புப் பூச்சு. நடு ஒயரில் காந்தம் ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முனையில் உள்ள பின் ஒட்டுவது பெரிய குற்றமல்ல, நல்ல ஒயர்களிலும் பின் இரும்பாக இருக்கலாம்.

பாகங்களைப் பற்றவைக்க எந்த சோல்டரிங் அயர்ன் வாங்குவது?

தொடங்குகிறவருக்கு 25 வாட் போதும். நம் ஊரில் இரண்டு தலைமுறை சர்வீஸ் மெக்கானிக்குகள் சோல்ட்ரான் 25 வாட்டில்தான் கற்றார்கள். அதற்குப் பிட்டும் (சூடாகும் நுனி) ஹீட்டர் காயிலும் தனியாகக் கிடைக்கின்றன என்பது பெரிய வசதி. பழுதானால் தூக்கிப்போட வேண்டியதில்லை. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டேஷன் பிறகு வாங்கிக்கொள்ளலாம். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பெயரில்லாத அயர்னைத் தொடாதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்யப் போகிறீர்கள். அதன் உட்புறம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பற்றவைக்கும் ஈயம் (சோல்டர்) வாங்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். 60/40 என்றால் 60 பங்கு தகரம், 40 பங்கு காரீயம். 63/37 கிடைத்தால் இன்னும் நல்லது: 183 டிகிரியில் ஒரே நொடியில் உருகி, ஒரே நொடியில் இறுகும், நடுவில் களிம்பாக நிற்காது. எடை போட்டுத் தரும் பெயரில்லாத ஈயத்தில் தகரம் குறைவாக இருந்தால், பற்றவைத்த இடம் பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்துப்போகும். கையை ஆட்டினீர்களோ என்று உங்களையே சந்தேகப்படுவீர்கள். பெயருள்ள நிறுவனத்தின் சின்னச் சுருளை, 22 கேஜ் தடிமனில் கேளுங்கள். உள்ளே ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸை போர்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். சில மாதங்களில் செம்புத் தடத்தை அரித்துவிடும்.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் முறுக்கு டப்பாவைத் திறக்க வேண்டும். காரீயம் புகையில் வருவதைவிட விரலில் ஒட்டி வாய்க்குப் போவதுதான் ஆபத்து. புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸ் எரிவதால் வருவது. அதுவும் நல்லதல்ல, சன்னலைத் திறந்து வையுங்கள்.

வோல்ட், ஓம் அளக்கும் மல்ட்டிமீட்டர் எது வாங்குவது?

மஞ்சள் நிற 830 வகை மீட்டர் எல்லாக் கடையிலும் தொங்கும். பேட்டரி சர்க்யூட்டுக்கு அது போதும். "கன்டினியூட்டி பஸ்ஸர் இருக்கிறதா?" என்று கேட்டு, இரண்டு முனைகளையும் தொட்டு, சத்தம் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதை வைத்து வீட்டு பிளக் பாயிண்டை அளக்காதீர்கள். அந்த விலையில் உள்ளே பாதுகாப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை.

போலிப் பாகங்கள் பற்றிக் கேள்விப்படுகிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கே லாபம் இருக்கிறதோ அங்கே போலி இருக்கும். கால் வாட் ரெசிஸ்டரைப் போலியாகச் செய்து யாரும் பணக்காரர் ஆக முடியாது. பவர் டிரான்சிஸ்டர், ஆடியோ ஐசி, லித்தியம் பேட்டரி, டிஎஸ்18பி20 வெப்ப உணரி: கவனிக்க வேண்டியவை இவை.

சில ஆண்டுகளுக்கு முன் ஆம்ப்ளிஃபயருக்காக 2என்3055 நான்கு வாங்கினேன். இரும்புத் தொப்பி போட்ட, உள்ளங்கையில் கனமாக உட்காரும் பழைய டிரான்சிஸ்டர். எழுத்து பளிச்சென்று அச்சாகியிருந்தது. மீட்டரில் சோதித்தால் சரியாகத்தான் காட்டியது. சத்தத்தைக் கூட்டிய பத்தாவது நிமிடம் இரண்டு போய்விட்டன. வயிற்றெரிச்சலில் ஒன்றின் தலையை அரத்தால் அறுத்துப் பார்த்தேன். அதற்கு முன் பழைய பானாசோனிக் பவர் சப்ளையில் இருந்து கழற்றி வைத்திருந்த செத்துப்போன ஒன்றையும் அறுத்தேன். பழையதன் உள்ளே இருந்த சில்லு நல்ல மிளகு அகலம். புதியதன் உள்ளே கடுகு. சில்லு சிறிதானால் சூட்டைத் தாங்காது. சின்ன மின்னோட்டத்தில் சோதிக்கும் மீட்டருக்கு அது தெரியாது. கடைக்காரரிடம் காட்டினேன். அவரும் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படித்தான் வருகிறது" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

அச்சு புதிதாக இருப்பதும், விலை மற்ற கடையில் பாதியாக இருப்பதும், ஒரே பொட்டலத்தில் வேறு வேறு எழுத்து வடிவங்கள் இருப்பதும் சந்தேகத்துக்கு உரியவை. ஐசியின் முகத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேற்பூச்சு உரிந்து, கீழே சுரண்டிய தடம் தெரிந்தால் பழைய ஐசிக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

18650 பேட்டரியில் போலியைக் கண்டுபிடிப்பது எளிது, ஏனென்றால் பொய் வெளிப்படையாக மேலேயே எழுதியிருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அந்த உருளைக்குள் நல்ல செல்களில் வழக்கமாகக் கிடைக்கும் உச்சம் ஏறக்குறைய 3500 மில்லி ஆம்பியர் மணி. 9900 என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். நல்ல செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். அஞ்சறைப்பெட்டிச் சாமான் நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு பல கடைகளில் உண்டு; வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முப்பது கிராம் காட்டினால் அதற்குமேல் சோதனை தேவையில்லை.

அர்டுயினோ குளோன் வாங்கலாமா? அது திருட்டுச் சரக்கா?

அர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் பிறந்தது. அதன் வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று திறந்தே விட்டிருக்கிறார்கள். ஆகவே அதேபோல் போர்டு செய்து விற்பது தவறல்ல. அதன் மேல் அர்டுயினோ என்ற பெயரையும் சின்னத்தையும் அச்சடிப்பதுதான் தவறு. "யூனோ ஆர்3" என்று மட்டும் எழுதிய போர்டு நாணயமான குளோன். அசல் போலவே பெயரும் பெட்டியும் போட்டுக் குளோன் விலைக்கு வருவது நாணயமற்றது.

குளோன்கள் பெரும்பாலானவற்றில் யூஎஸ்பிக்கு சிஎச்340 என்ற சிப் இருக்கும். கணினியில் போர்ட்டே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம், அதற்கான டிரைவரை நிறுவினால் போதும். "போர்டு ஓடவில்லை" என்று திருப்பிக் கொண்டுபோகிறவர்களில் பலருக்கு உண்மைக் காரணம் கேபிள்: சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா கம்பி கிடையாது.

புத்தகத்தில் எஸ்எல்100 என்று இருக்கிறது. கடையில் இல்லை என்கிறார்கள்.

நம் பாடநூல்களும் பழைய எலக்ட்ரானிக்ஸ் இதழ்களும் எஸ்எல்100, எஸ்கே100 என்ற உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர்களை ஐம்பது முறை எழுதிவிட்டன. இப்போது அவை தேடினால்தான் கிடைக்கும். எஸ்எல்100க்குப் பதில் 2என்2219 அல்லது பிடி139 போடலாம். ஆனால் பிடி139இல் கால் வரிசை மாறும். பிடி139இன் எழுத்துள்ள முகம் உங்களைப் பார்த்தபடி, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ்.

மாற்றுப் பாகம் கொடுத்தால் முழு எண்ணையும் படியுங்கள். பிஎன்2222 என்றால் தட்டையான முகத்தில் எமிட்டர், பேஸ், கலெக்டர். நடுவில் ஒரு 2 சேர்ந்து பி2என்2222 என்றால் கலெக்டர், பேஸ், எமிட்டர். கடைக்காரருக்கு இரண்டும் 2222தான், ஒரே இழுப்பறையில்தான் இருக்கும். கடையில் நின்றபடியே செல்போனில் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) திறந்து பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் என்றால் என்ன?

மூன்று கம்பி வெளியே வரும். நடுக்கம்பிக்கும் ஓரக்கம்பி ஒவ்வொன்றுக்கும் இடையே 12 வோல்ட், இரண்டு ஓரங்களுக்கு இடையே 24. ஆம்பியரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "12-0-12, ஒரு ஆம்பியர்".

இது ஏசி வோல்ட். டயோடும் கண்டென்சரும் போட்டு டிசி ஆக்கினால் 12 அல்ல, 16 வோல்ட்டை ஒட்டி வரும். சுமை இல்லாதபோது அதைவிடக் கூடும். 16 வோல்ட் கண்டென்சர் வாங்கிப் போட்டு அது வீங்கிப்போனதாகச் சொல்கிறவர்களுக்கு இதுதான் விளக்கம். 25 வோல்ட் வாங்குங்கள். அதன் பின்னால் 7805 போட்டு அரை ஆம்பியர் இழுத்தால், மிச்சமிருக்கும் 11 வோல்ட்டும் சூடாகத்தான் வெளியேற வேண்டும்: ஐந்தரை வாட். சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் இல்லாமல் விரல் வைத்துப் பார்த்தால் உடனே புரியும்.

சோதனைக்கு மட்டும் என்றால் டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம். நல்ல 5 வோல்ட் செல்போன் சார்ஜர் வீட்டிலேயே இருக்கும். 230 வோல்ட் பக்கம் கை வைக்கும் வேலையை, அதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள்.

விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்களே?

அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இது மீட்டர், அயர்ன், போர்டு போன்றவற்றுக்குச் சரி. ஐந்து ரூபாய் டிரான்சிஸ்டருக்கு யாரும் 1915ஐ அழைக்கப் போவதில்லை. தவிர, ஐசியை நீங்கள் தலைகீழாகச் செருகிப் புகைய வைத்துவிட்டு எடுத்து வந்திருக்கலாம் என்று கடைக்காரர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது, நானே செய்திருக்கிறேன். அதனால் சோதிக்கக்கூடியதை அங்கேயே சோதியுங்கள். பேட்டரி, எல்இடி, ரிலே, மோட்டார் எல்லாவற்றையும் கடையில் போட்டுக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். பில் கேட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்று சொல்வார்கள். விலை உயர்ந்த பொருளுக்குப் பில் வாங்குங்கள்.

பேரம் பேசலாமா?

ஐசி கடையில் வேண்டாம். கேமரா, ஸ்பீக்கர், மீட்டர் விற்கும் கடையில் பேசலாம். இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு மூன்றாவதில் வாங்குவது போதுமான பேரம்.

பழைய போர்டுகளை வாங்கிப் பாகம் கழற்றலாமா?

கழற்றலாம், மகிழ்ச்சியான வேலை. செத்த பிரிண்டர் ஒன்றில் மோட்டார், தண்டு, பல்சக்கரம், ஒளி உணரி எல்லாம் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மர், ஹீட்சிங்க், கனெக்டர் பழையதானாலும் கெடாது. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரை மட்டும் பழையதில் இருந்து எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் காய்ந்திருக்கும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரிக்கச் சொல்லித் தரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். லித்தியம் செல்லைக் கத்தியால் குத்தினால் தீப்பிடிக்கும்.

கணினி பவர் சப்ளையைத் திறக்கிறீர்கள் என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

போர்டில் வேண்டாத செம்பை அரித்தெடுக்கும் பெர்ரிக் குளோரைடு எங்கே கிடைக்கும்?

செம்புத் தகடு ஒட்டிய காப்பர் கிளாட் போர்டு விற்கும் கடையிலேயே, மஞ்சள்பழுப்புக் கட்டிகளாக. கரைக்கும்போது நன்றாகச் சூடேறும். தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், பொடியின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. எவர்சில்வர் கிண்ணத்தை அரித்துவிடும், பிளாஸ்டிக் டப்பா எடுங்கள். மொசைக் தரையில் விழுந்த கறை போகாது. எங்கள் வீட்டில் அந்தக் கறைக்கு வயது பதினேழு. இன்னமும் யாராவது விருந்தாளி வந்தால் அம்மா அதைச் சுட்டிக்காட்டுகிறார். தீர்ந்துபோன கரைசலில் செம்பு கலந்திருக்கும், சாக்கடையில் கொட்டாதீர்கள்.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கிட், வாக்கி டாக்கி வாங்கலாமா?

அலைபரப்புக்குப் பொதுவாக உரிமம் வேண்டும். அடுத்த வீட்டு ரேடியோவில் உங்கள் குரல் கேட்கிறது என்றால் அது வேடிக்கை அல்ல, சட்டமீறல். வைஃபை, புளூடூத் புழங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ், சின்னத் தகவல்களை நெடுந்தூரம் அனுப்பும் லோராவுக்கான 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் ஆகியவற்றை வரையறுத்த சக்திக்குள் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். லோரா மாட்யூல் கேட்கும்போது 868 என்று குறித்ததைக் கேளுங்கள். 915 அமெரிக்காவுக்கானது, கடையில் அதுவும் அதே கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கும். ரேடியோவில் உண்மையான ஆசை இருந்தால் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதுங்கள். 12 வயது நிரம்பினால் போதும்.

நான் சென்னையில் இல்லை.

உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றி ரேடியோ, டிவி ஸ்பேர் கடை ஒன்றாவது இருக்கும். டிவி மெக்கானிக் யாரையாவது கேளுங்கள். சென்சார் கிடைக்காது, ஆனால் ரெசிஸ்டன்ஸ், கண்டென்சர், ஈயம், ஸ்லீவ், டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும், மெக்கானிக்கின் அனுபவம் இலவசமாகக் கிடைக்கும். பெங்களூரில் எஸ்பி ரோடு, மும்பையில் கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தை அடுத்த லாமிங்டன் ரோடு, டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட். சிங்கப்பூரில் இருப்பவர்கள் சிம் லிம் ஸ்கொயருக்குப் போய் ஏமாற வேண்டாம். பாகக் கடைகள் இருப்பது சிம் லிம் டவரில், லிட்டில் இந்தியாவில் இருந்து நடக்கும் தூரம். கோலாலம்பூரில் ஜாலான் பசார். கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போங்கள், ஆனால் சீட்டை அவள் கையில் கொடுங்கள். நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். சென்ற மாதம் என் அண்ணன் மகளை அப்படித்தான் அனுப்பினேன். "அண்ணா, பிசி547 பத்து, எட்டுக் கால் பேஸ் இரண்டு" என்று அவள் கேட்டதும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெரியவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பத்து டிரான்சிஸ்டரை எண்ணி உறையில் போட்டு, அதன் மேல் எண்ணை எழுதி, "எதற்கும்மா?" என்று கேட்டார். தொட்டித் தண்ணீர் நிரம்பினால் கத்தும் அலாரம் என்றாள். இழுப்பறையை மறுபடி திறந்து, "கம்பி முனை துருப்பிடிக்கும், இதைப் போடு" என்று ஒரு சின்ன எவர்சில்வர் போல்ட் ஜோடியை எடுத்து உறைக்குள் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.